பேரனோடு கட்டும் பொம்மை வீடு: எங்கே கோணுகிறது, ஏன் கோணுகிறது, எப்படி நிமிர்த்துவது

என் பேரனுக்கு ஏழு வயது. இரண்டு பேருமாகச் சேர்ந்து மரத்தில் ஒரு பொம்மை வீடு கட்டினோம். ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தது மூன்றரை மாதம் இழுத்தது. அதில் பாதி நாள், கட்டியதைப் பிரிப்பதிலேயே போனது. எப்படிக் கட்டுவது என்று சொல்லித்தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நடுவில் பலகை சண்டித்தனம் செய்தால் என்ன செய்வது என்று கேட்டால்தான் ஆளைக் காணோம். அதனால், எங்களுக்கு என்னென்ன கோளாறு வந்ததோ அதை அந்தந்தத் தலைப்பில் எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அங்கே நேராகப் போய்ப் படிக்கலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோளாறு கண்ணில் படும் இடமும் அது பிறந்த இடமும் அநேகமாக ஒன்றாக இருப்பதில்லை. கூரை மூடவில்லையா? கூரையைச் செதுக்கக் கிளம்பாதீர்கள், சுவரை அளந்து பாருங்கள். பெயிண்ட் உரிகிறதா? பெயிண்ட் டப்பாவைத் திட்டுவதற்கு முன்னால் உப்புத்தாள் போட்டோமா என்று யோசியுங்கள். நான் இதைத் தெரிந்துகொள்வதற்குள் ஒரு கூரைப் பலகை வீணாகிவிட்டது.

அளவுகள் புரிவதற்காக எங்கள் வீட்டைப் பற்றி: அகலம் 60 செ.மீ., சுவர் உயரம் 50, ஆழம் 28. இரண்டு தளம், மேலே இரண்டு பக்கமும் சரியும் கூரை, முன்பக்கம் திறந்தபடி. சுவர், தரை, கூரை எல்லாம் 9 மி.மீ. ப்ளைவுட், முதுகுப் பலகை மட்டும் 3 மி.மீ.

பொம்மை நிமிர்ந்து நிற்க முடியவில்லை

வீட்டைப் பார்த்து வரைந்துவிட்டு அப்புறம் பொம்மையைத் தேடினால் இப்படித்தான் ஆகும். பொம்மை வீடு செய்கிறவர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும் அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது ஆறடி மனிதன் ஆறு அங்குலப் பொம்மை. இந்தக் கணக்குக்கு அறை உயரம் 23 முதல் 25 செ.மீ. போதும். ஆனால் கடைகளில் நிறையக் கிடைக்கும் அந்த நீளக்கால் பொம்மைகள் ஏறக்குறைய 29 செ.மீ. உயரம். அவை ஒன்றுக்கு ஆறு என்ற கணக்கில் வந்தவை. அவற்றுக்கு 44 செ.மீ. உயரமாவது வேண்டும். இரண்டு தளம் கட்டினால் வீடு பிள்ளையின் உயரத்தை நெருங்கிவிடும்.

அதனால் முதலில் குடியிருக்கப் போகிறவர்களைத் தரையில் வரிசையாக நிற்க வைத்து அளந்துவிடுங்கள். பெரிய பொம்மையின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் அறை உயரம் இருக்கட்டும். வாசல், பொம்மையை விட இரண்டு செ.மீ. உயரம். ஆழத்தைப் பொம்மையை வைத்து முடிவு செய்யக் கூடாது. பிள்ளையின் கை பின்சுவர் வரை எட்ட வேண்டும், 30 செ.மீ.க்கு மேல் போனால் மூலையில் விழுந்த நாற்காலி அங்கேயே கிடக்கும்.

ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது, பொம்மை இடிக்கிறது என்றால், நடுத் தரையைப் பாதி அகலத்துக்கு வெட்டி எடுத்துவிடலாம். ஒரு பக்கம் இரண்டு மாடி, ஒரு பக்கம் உயரமான கூடம். எங்கள் வீட்டில் இருப்பது அப்படி வந்த கூடம்தான். திட்டம் போட்டுச் செய்ததாகத்தான் வருகிறவர்களிடம் சொல்கிறோம்.

பெட்டி கோணுகிறது, தொட்டால் ஆடுகிறது

பாதிக்கு மேல் கோளாறுகளுக்குத் தாய் இதுதான். இதை நிதானமாகப் பாருங்கள்.

இரண்டு சுவர், அடித்தரை, நடுத்தரை, இவற்றைச் சேர்த்ததும் அது ஒரு பெட்டி மாதிரித் தெரியும். ஆனால் முதுகுப் பலகை இல்லாத பெட்டி, பெட்டியே இல்லை. தீப்பெட்டியின் மேலுறையை ஒரு விரலால் தள்ளினால் சாய்ந்து தட்டையாகிறதே, அதே கதைதான். ஆணியும் பசையும் எவ்வளவு போட்டாலும் இந்தச் சாய்வு நிற்காது. நாலு மூலையும் செங்கோணமாக வெட்டிய ஒரு மெல்லிய பலகையை முதுகில் ஒட்டி ஆணி அடித்தால், அந்த நிமிடமே ஆட்டம் நின்றுவிடும். 3 மி.மீ. பலகை எப்படி இத்தனை பெரிய பெட்டியைப் பிடித்து நிறுத்துகிறது என்று பேரன் நம்பவே இல்லை. முதுகை எடுத்துவிட்டு ஒரு தடவை, வைத்துவிட்டு ஒரு தடவை என்று மாறி மாறித் தள்ளிப் பார்த்தான்.

ஆனால் முதுகை அறைவதற்கு முன் பெட்டி நேராக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கோணிய பெட்டிக்கு முதுகு அடித்தால் கோணல் நிரந்தரமாகிவிடும். மூலைமட்டத்தை ஒரு மூலையில் வைத்துப் பார்ப்பது போதாது. மூலைக்கு மூலை குறுக்காக அளங்கள். 60-க்கு 50 பெட்டியில் இரண்டு குறுக்களவும் 78.1 செ.மீ. வர வேண்டும். எங்களுக்கு ஒன்று 78.5, இன்னொன்று 77.7. வித்தியாசம் 8 மி.மீ.தானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் சுவரின் உச்சி 5 மி.மீ. சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். 2 மி.மீ. வரை விட்டுவிடலாம், அதற்கு மேல் விடாதீர்கள்.

பசை ஈரமாக இருந்தால் சரிசெய்வது சுலபம். எந்தக் குறுக்களவு நீளமாக இருக்கிறதோ, அந்த இரண்டு மூலைகளையும் சேர்த்து ஒரு கயிற்றைச் சுற்றிக் கட்டுங்கள். கயிற்றின் நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். முறுக்க முறுக்க நீளமான குறுக்கு சுருங்கும், குட்டையானது நீளும். மூலையில் கயிறு பதிந்து தழும்பு விழாமல் இருக்க மடித்த அட்டைத் துண்டு ஒன்று. இந்த வேலையைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். ஒருவர் அளவு நாடாவைப் பிடிக்க, இன்னொருவர் குச்சியை முறுக்க, "இன்னும் கொஞ்சம் பாட்டி, போதும் பாட்டி, ஐயோ அதிகமாயிடுச்சு" என்று அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பசை காய்ந்துவிட்டால்? சாதாரண வெள்ளை மரப்பசை வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் இளகும். தலைமுடி காய வைக்கும் கருவியால் இணைப்பைச் சூடுபடுத்தி, வினிகரைத் தொட்டுத் தொட்டு வைத்து, தட்டைக் கத்தியை மெல்லச் செருகிப் பிரிக்கலாம். தண்ணீர் தாங்கும் பசை என்று எழுதியிருப்பதை வாங்கியிருந்தால் இது அவ்வளவாக நடக்காது. பிரித்த பின் பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுங்கள், அதன் மேலேயே புதுப் பசை போட்டால் பிடிக்காது.

முதுகும் அடித்தாயிற்று, குறுக்களவும் சரி, ஆனாலும் தரையில் வைத்தால் டக் டக் என்று ஆடுகிறதா? ஒருவேளை உங்கள் தரைதான் மேடு பள்ளமாக இருக்கும். வீட்டை அப்படியே கால் வட்டம் திருப்பி வையுங்கள். ஆட்டம் வீட்டோடு திரும்பினால் வீட்டில் குறை, அதே இடத்தில் நின்றால் தரையில் குறை. வீடுதான் என்றால், குட்டையான மூலையில் ஃபெல்ட் வட்டம் ஒட்டிவிட்டுப் போங்கள். அதற்காக அடிப்பலகையை இழைத்துக்கொண்டிருப்பது வீண்.

பலகை வளைந்துவிட்டது

மெல்லிய ப்ளைவுட்டைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளையும். ஒரு பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்தாலும் வளையும், அது ஏன் என்று பலருக்குத் தெரிவதில்லை. பெயிண்ட் இல்லாத பக்கம் காற்றின் ஈரத்தை வாங்கியும் விட்டும் விரிந்து சுருங்கும், பெயிண்ட் அடித்த பக்கம் சும்மா இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே நடை நடந்தால்தான் பலகை நேராக நிற்கும். அதனால் கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்கும் ஒரு கோட் கட்டாயம்.

வளைந்ததை நிமிர்த்த, குழிந்த பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, சமதளத்தில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி இரவு முழுக்க விடுங்கள். குழிந்த பக்கம்தான் சுருங்கிய பக்கம், தண்ணீர் அதற்குத்தான். மேடான பக்கத்தை நனைத்தால் இன்னும் வளையும். நான் முதலில் அதைத்தான் செய்தேன்.

ஆணி அடித்தால் பலகை பிளக்கிறது

ஆணியின் கூர்முனை மரநாரை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் தள்ளும். ஓரத்துக்கு அருகில் நாருக்குப் போக இடமில்லாததால் பிளந்துவிடும். ஆணியைத் தலைகீழாக ஒரு இரும்பின் மேல் நிறுத்தி, முனையை லேசாகத் தட்டி மழுக்கிக்கொள்ளுங்கள். மழுங்கிய முனை நாரைத் தள்ளாமல் நசுக்கிக்கொண்டு இறங்கும். இன்னும் நல்லது, ஆணியின் கனத்தில் முக்கால் பங்கு கனமுள்ள துளையை முதலில் போட்டுவிடுவது. ப்ளைவுட்டின் விளிம்பில், அடுக்குகள் தெரிகிற பக்கத்தில் ஆணி இறக்குவதாக இருந்தால் துளை இல்லாமல் அடிக்கவே அடிக்காதீர்கள், அடுக்கு பிரிந்துவிடும்.

ஆணி வளைந்து வளைந்து போகிறது என்றால் பெரும்பாலும் சுத்தியல் பிள்ளையின் கைக்குப் பெரிது. 200 கிராம் சுத்தியல் போதும். விரல் நசுங்காமல் இருக்க ஒரு அட்டைப் பட்டையில் ஆணியைக் குத்திப் பட்டையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆணி பாதி இறங்கியதும் அட்டையைக் கிழித்துவிடலாம். பிள்ளைகளுக்கு அந்தக் கிழிப்புதான் பிடிக்கும்.

ஒட்டிய இடம் விட்டுவிட்டது

விட்டுப்போன துண்டைத் தூக்கி எறியாதீர்கள். அதைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள், என்ன நடந்தது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

பசை இரண்டு பக்கமும் வழவழப்பாகத் தோல் மாதிரிக் காய்ந்திருந்தால், சேர்ப்பதற்குள்ளேயே பசை உலர ஆரம்பித்துவிட்டது. பசை தடவி வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்திருப்பீர்கள். வெளுத்து, சுண்ணாம்புப் பொடி மாதிரி உதிர்ந்தால் குளிர். 10 டிகிரிக்குக் கீழே வெள்ளைப் பசை சரியாகப் படலம் கட்டாது. ஒரு பக்கம் பசையே இல்லை, மரம் வறண்டு கிடக்கிறது என்றால் அது பலகையின் வெட்டுமுனை. நாரின் வாய்கள் எல்லாம் அங்கேதான் திறந்திருக்கின்றன, உறிஞ்சு குழாய் மாதிரி பசையைக் குடித்துவிடும். அந்த இடத்துக்குத் தண்ணீர் கலந்த பசையை முதலில் ஒரு பூச்சு பூசி, சில நிமிடம் கழித்து நிஜப் பசையைப் போடுங்கள். பசையோடு பெயிண்டும் உரிந்து வந்திருந்தால் விளக்கமே வேண்டாம், பசை மரத்தில் ஒட்டவில்லை, பெயிண்டில் ஒட்டியிருக்கிறது. பெயிண்ட் அடிக்கும் முன் இணைப்பு வரும் இடங்களை ஒட்டுநாடாவால் மறைத்துவிடுவது இதற்காகத்தான்.

மரமே கொஞ்சம் பிய்ந்து வந்திருந்தால் உங்கள் பசையில் குறையே இல்லை. யாரோ அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள்.

எவ்வளவு பசை? இறுக்கும்போது விளிம்பு நெடுகக் கடுகு கடுகாகத் துளிர்த்தால் சரியான அளவு. வழிந்தால் அதிகம். வழிந்ததை உடனே ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த பசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வார்னிஷ் போட்டதும் அந்த இடம் மட்டும் தேமல் மாதிரி வெளுப்பாக நிற்கும்.

ஒரு மணி நேரம் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும், முழுப் பலம் வர 24 மணி நேரம். பிள்ளைகளுக்கு இந்த 24 மணி நேரம்தான் எமன். பசை காயும் நேரத்துக்கென்று தனி வேலை ஒன்றை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத் துண்டுகளில் மேஜை, கட்டில் செய்யலாம். இல்லையென்றால் அரை மணிக்கு ஒரு தடவை "காஞ்சிடுச்சா?" என்று கேட்டு ஆட்டிப் பார்ப்பான். அந்த ஆட்டத்தில்தான் ஒட்டே விடுகிறது.

வெட்டிய ஓரம் பிசிறு பிசிறாகப் பிய்கிறது

ரம்பத்தின் பல் மரத்தை விட்டு எந்தப் பக்கமாக வெளியேறுகிறதோ அந்தப் பக்கம் பிய்க்கும். கைரம்பம் கீழ்நோக்கி வெட்டுவதால் நல்ல முகம் மேலே இருக்கட்டும். மின்சார ஜிக்சா மேல்நோக்கி வெட்டும், அதற்கு நல்ல முகம் கீழே. வெட்டும் கோட்டின் மேல் ஒட்டுநாடா ஒட்டி, அதன் மேலேயே கோடு போட்டு வெட்டினால் பிசிறு பாதியாகக் குறையும்.

ஜன்னலைப் பெட்டி சேர்ப்பதற்கு முன்பே வெட்டிவிடுங்கள். நாலு மூலையிலும் துளை போட்டு, வளைவு ரம்பத்தின் அலகைக் கழற்றித் துளை வழியாக நுழைத்து மறுபடி மாட்ட வேண்டும். பல் கைப்பிடியைப் பார்த்து இருந்தால், இழுக்கும்போது வெட்டும், பிள்ளைக்கு அது சுலபம். பலகை கிடுகிடுவென்று அதிர்ந்தால் கிளாம்ப் வெட்டும் இடத்துக்குத் தூரத்தில் இருக்கிறது. மின்சார ரம்பம் எதையும் பிள்ளை தொடக் கூடாது. உப்புத்தாள் போடும்போது இருவருக்கும் முகமூடி, திறந்த இடம். எம்.டி.எஃப். (மரநாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்த) பலகை என்றால் இது இரட்டிப்பு முக்கியம், அதன் தூள் மாவு மாதிரி நுண்ணியது, பிசினும் கலந்தது.

கூரை உச்சியில் சேரவில்லை

இரண்டு பலகையின் மேல் விளிம்பையும் 45 பாகை சரித்து வெட்டி எதிரெதிராகச் சேர்க்கும் கூரை என்றால், இடைவெளி எந்தப் பக்கம் தெரிகிறது என்று பாருங்கள். வெளியே, மேலிருந்து பார்த்தால் பிளவு தெரிகிறதா? சுவர்களின் உச்சி உள்நோக்கிச் சாய்ந்திருக்கிறது, கூரை செங்குத்தாகிவிட்டது. உள்ளே, அடியிலிருந்து பார்த்தால் பிளவா? சுவர்கள் வெளியே விரிந்திருக்கின்றன, கூரை படுத்துவிட்டது. அடியில் அகலம் எவ்வளவு, உச்சியில் எவ்வளவு என்று அளந்தால் உறுதியாகிவிடும். நான் இதைத் தெரியாமல் கூரைப் பலகையை இழைத்து இழைத்து, ஒரு பக்கம் முக்கால் செ.மீ. குட்டையாக்கிவிட்டேன்.

சுவர் விரிந்திருந்தால் உச்சியில் குறுக்காக ஒரு ரீப்பர் கட்டை அடித்து உள்ளே இழுத்துவிடலாம், அறைக்கு உத்திரம் மாதிரி அழகாகவும் இருக்கும். உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் அதே கட்டையைச் சரியான நீளத்துக்கு வெட்டி முட்டுக் கொடுங்கள். இரண்டு மி.மீ.க்குள் இருக்கும் பிளவை, உச்சி நெடுக ஒரு மெல்லிய பட்டை ஒட்டி மறைத்துவிடுங்கள். நிஜ வீட்டுக் கூரையிலும் முகட்டை மூடித்தானே வைக்கிறார்கள்.

சரிவு வெட்டு வராதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: 45 பாகைக் கூரையில் ஒரு பலகையை மற்றதை விடச் சரியாக 9 மி.மீ., அதாவது பலகையின் கனம் அளவு, நீளமாக வெட்டி, குட்டையான பலகையின் விளிம்பு மேல் ஏறும்படி வைத்துவிடுங்கள். நேர் வெட்டே போதும்.

கடைசிப் படி மட்டும் உயரமாக இருக்கிறது

மாடிப்படிக்கு அறை உயரம் 24 செ.மீ. என்று எடுத்து, 12 படி, படிக்கு 2 செ.மீ. என்று கணக்குப் போட்டோம். மேல்தளமே பன்னிரண்டாவது படி என்பதால் பதினொரு துண்டு. 20 மி.மீ. கனம், 40 மி.மீ. அகலமான கட்டையில் வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறும்படி ஒட்டினோம். அடுக்கி முடித்ததும் கடைசி ஏற்றம் மட்டும் 3 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. பொம்மைப் பாட்டிக்கு முட்டி வலிக்கும் என்றான் பேரன்.

எங்கே போனது அந்த அதிகப்படி? மேல்தளப் பலகையின் கனம், 9 மி.மீ. அறை உயரத்தை அந்தப் பலகையின் அடி வரைதான் அளந்தோம், ஆனால் படி ஏறுவது அதற்கு மேலுள்ள தரைக்கு. படிகளைப் பிரிக்கத் தேவையில்லை. படிக்கட்டின் அடியில் அதே 9 மி.மீ. ப்ளைவுட்டில் ஒரு துண்டை வைத்து மொத்தப் படிக்கட்டையும் தூக்கிவிடுங்கள், கீழே ஒரு சின்னத் திண்ணை வந்துவிடும்.

படிக்கட்டு அறையையே விழுங்குகிறது என்றால், நிஜ வீட்டின் அளவைச் சுருக்கியிருப்பீர்கள். நிஜ அளவை அப்படியே ஒன்றுக்குப் பன்னிரண்டாக்கினால் 34 செ.மீ. நீளம் ஓடும், எங்கள் வீட்டில் பாதிக்கு மேல். ஏற்றமும் மிதியும் சமமாக, 45 பாகையில் வைத்தால் 24 செ.மீ.யில் அடங்கும். அதுவும் முடியாத இடத்துக்கு ஏணி.

பெயிண்ட் கோளாறுகள்

தொட்டால் சொரசொரப்பு: நீர்ப் பெயிண்ட் பட்டதும் மரநார் எழுந்து நிற்கும். முதல் கோட் காய்ந்ததும் 220 எண் உப்புத்தாளால் லேசாக ஒரு தடவு, அப்புறம் இரண்டாம் கோட்.

நாள் கணக்கில் பிசுபிசுப்பு: கனமாக அடித்துவிட்டீர்கள், அல்லது முதல் கோட் காய்வதற்குள் இரண்டாவது. காற்றோட்டமான இடத்தில் விட்டுக் காத்திருங்கள். அப்படியும் காயவில்லையென்றால் சுரண்டுவதைத் தவிர வழியில்லை.

பேனா கோடு பெயிண்டைத் தாண்டித் தெரிகிறது: அழியாத மார்க்கரால் குறித்திருப்பீர்கள். எத்தனை கோட் அடித்தாலும் மேலே ஏறி வரும். ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) ஒரு பூச்சு பூசி அடைத்துவிட்டுப் பிறகு பெயிண்ட். அடுத்த தடவை பென்சில்.

பரணில் கிடக்கும் பழைய டப்பாவை எடுக்காதீர்கள், பழைய பெயிண்டுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. பொம்மைகளுக்கான ஐரோப்பியத் தரமான ஈ.என். 71-3-க்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருந்தால் நிம்மதி.

சுவர்த்தாளில் கொப்புளம், சாயம் கசிவு

தாள் ஈரம் பட்டதும் விரியும், காய்ந்ததும் சுருங்கும். விரிவதற்குள் அவசரமாக ஒட்டினால் கொப்புளம் வரும். பசையைச் சுவரில் மெல்லியதாகத் தடவி, தாளை நடுவிலிருந்து ஓரத்துக்குப் பழைய அட்டை ஒன்றால் நீவிவிடுங்கள். காய்ந்த கொப்புளத்தை ஊசியால் குத்தி, ஊசித்துளையில் பசைத் துளி விட்டு அழுத்தினால் போதும். மைப்பீச்சு அச்சுப்பொறியில் எடுத்த படத்தை ஈரப் பசையால் ஒட்டினால் சாயம் கரையும். அதற்குக் குச்சிப் பசைதான் சரி. பேரன் வரைந்த ஸ்கெட்ச் பேனாப் படங்களுக்கும் அப்படியே.

கதவு மூடவில்லை, அல்லது மூடினால் திறக்கவில்லை

வெட்டும்போது சரியாகப் பொருந்தியது, பெயிண்ட் அடித்ததும் சிக்கிக்கொண்டது, அவ்வளவுதான். பெயிண்டுக்கும் கனம் உண்டு. சுற்றிலும் ஒன்றரை மி.மீ. இடைவெளி விட்டே வெட்டுங்கள். கதவு தானாகவே திறந்துகொண்டால் இரண்டு கீலின் அச்சும் ஒரே கோட்டில் இல்லை, ஒன்றைக் கழற்றி நேராக வைத்துப் பாருங்கள். குட்டித் திருகாணி பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், பல்குச்சியைப் பசையில் தோய்த்துத் துளைக்குள் செருகி, காய்ந்ததும் முனையை வெட்டிவிட்டுத் திரும்பத் திருகுங்கள். இதெல்லாம் வேண்டாம் என்றால் கீலுக்குப் பதில் ஒரு துணிப் பட்டை. எங்கள் வாசல் கதவு அதில்தான் தொங்குகிறது.

விளக்கு எரியவில்லை

எல்.இ.டி.க்குத் திசை உண்டு, நீளமான கால் நேர்முனை. மாற்றிப் போட்டால் எரியாது, முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். அடுத்து, கம்பி முனையில் மேலுறையைச் சுரண்டினீர்களா? இரண்டும் சரி என்றால் இணைப்பைப் பாருங்கள். வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். இரண்டை ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தால் 6 வோல்ட் கேட்கும். மூன்று பேனா பேட்டரி தருவது 4.5 வோல்ட்தான். தனித்தனி இணையாக இணைத்து, ஒவ்வொன்றுக்கும் 100 ஓம் மின்தடை ஒன்று வையுங்கள். மின்தடை வைக்காமல் விட்டால் பளிச்சென்று எரிந்து கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும்.

நாணயம் மாதிரி இருக்கும் பட்டன் பேட்டரியை மட்டும் பொம்மை வீட்டில் வைக்காதீர்கள். பிள்ளை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். அது சும்மா சொல்லும் பயமுறுத்தல் இல்லை. பேனா பேட்டரி, திருகாணி போட்டு மூடும் பெட்டி, அதுதான் சரி. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டில் இருந்தால் குட்டிச் சாமான்களையும் கவனியுங்கள். பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் அடங்கும் துண்டு எதுவும் அந்தக் குழந்தையின் கைக்குப் போகக் கூடாது.

பேரன் இங்கே என்னைக் கேட்டான், குழாயில் தண்ணீர் வருமா என்று. கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்து 1924-ல் முடிந்த, இங்கிலாந்து ராணி மேரியின் பொம்மை வீட்டில் வரும். மின்விளக்கும் உண்டு, லிஃப்டும் உண்டு, அதுவும் ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்குதான், இன்றும் வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது. அதைச் செய்ய ஒரு பாட்டி போதாது என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்தேன்.

பிள்ளை வேலைக்கு வரவில்லை

ஒரு வாரம் ஓடி ஓடி வந்தவன் திடீரென்று நாலு நாள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உப்புத்தாள் வேலை அலுத்துவிட்டது என்று நினைத்தேன். சுவாரசியமான வேலையாகப் பார்த்து எடுத்து வைத்தேன். வரவில்லை. டி.வி.யைக் குறை சொன்னேன்.

ஐந்தாம் நாள் தானே வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தவன் இடது சுவரில் விரலை வைத்தான். "பாட்டி, என் ஜன்னல் எங்க?"

ஜன்னல் அங்கேதான் இருந்தது. ஆனால் அவன் வெட்டிய ஜன்னல் இல்லை. அவன் வெட்டியது முட்டை மாதிரி, ஒரு ஓரம் உப்பிக்கொண்டு இருந்தது. அவன் தூங்கிய பின் நான் அரத்தை எடுத்து நாலு மூலையும் சதுரமாக்கி, பட்டி வைத்து, தேய்த்து, நேராக்கியிருந்தேன். அவனுக்குத் தெரியாது என்று நினைத்தேன். மறுநாள் காலையிலேயே பார்த்திருக்கிறான், சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதற்குச் செய்த ரிப்பேர்: மிச்சப் பலகையில் அதே அளவு துண்டு வெட்டி அவனிடமே கொடுத்தேன். மறுபடி வெட்டினான். மறுபடியும் முட்டைதான், இந்தத் தடவை வேறு பக்கம் உப்பியது. பழைய சுவரைக் கழற்றிவிட்டு இதை வைத்தோம், குறுக்களவை மறுபடி எடுத்தோம், கயிறு கட்டினோம், இன்னொரு 24 மணி நேரம் போனது. வேலைக்கு வந்துவிட்டான்.

பிள்ளை செய்ததைத் திருத்தியே ஆக வேண்டும் என்றால் அவன் எதிரில், அவன் கையாலேயே திருத்துங்கள். நேராக வர வேண்டிய இடங்களை நீங்கள் எடுத்துக்கொண்டு, கோணினாலும் குடி முழுகாத இடங்களை முதலிலேயே அவன் பேரில் எழுதிவிடுவது அதைவிட நல்லது. ஜன்னல், வேலி, பெயர்ப் பலகை, சாமான்கள் எல்லாம் அவனுடையது. சுவரின் அடி, முதுகு, கூரை விளிம்பு உங்களுடையது. ஒரு நாளைக்கு அரை மணி, அதிகம் போனால் முக்கால் மணி. அவனுக்குப் பிடித்த வேலை பாதியில் இருக்கும்போதே நிறுத்துங்கள், நாளைக்கு அவனே கூப்பிடுவான்.

வீட்டுக்கடியில் மாவு மாதிரித் தூள்

மரத்தில் ஊசித்துளைகளும் தெரிந்தால் வண்டு இருக்கிறது. மற்ற மரச்சாமான்களிடமிருந்து தள்ளி வையுங்கள். குட்டி நாற்காலி, மேஜை என்றால் பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டி உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் வண்டும் புழுவும் செத்துவிடும். சுவரிலேயே என்றால் அந்தப் பலகையை மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

வீடு கனக்கிறது, தூக்க முடியவில்லை

9 மி.மீ. ப்ளைவுட்டில் இந்த அளவு வீடு ஏறக்குறைய ஆறு கிலோ வரும். பிள்ளை தூக்க மாட்டான், கூரையைப் பிடித்து இழுப்பான். அதனால் மேஜை மேல் வைக்காதீர்கள், தரையில் வையுங்கள். அடுத்த தடவை கட்டினால் சுவருக்கு 6 மி.மீ. போதும், சுவரின் எடை மூன்றில் ஒரு பங்கு குறையும். கட்டி முடித்துவிட்டவர்களுக்குச் சக்கரம்தான் வழி. அடிப்பலகையின் நாலு மூலையிலும் கட்டை வைத்து, அதில் சக்கரத்தைத் திருகுங்கள். நேரே 9 மி.மீ. பலகையில் திருகினால் முனை உள்ளே எட்டிப் பார்க்கும். இரண்டு சக்கரத்துக்காவது பூட்டு இருக்கட்டும்.

நாங்கள் பூட்டு இல்லாததை வாங்கிவிட்டோம். போன வாரம் மாட்டினோம். அன்றிலிருந்து அது வீடு இல்லை, பஸ். பொம்மைகள் எல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க, நடைவழி முழுக்க ஓடிச் சுவரில் முட்டி நிற்கிறது. நேற்று முட்டியதில் படிக்கட்டு கழன்றுவிட்டது. துண்டைத் திருப்பிப் பார்த்தேன், பசையோடு மரமும் பிய்ந்து வந்திருக்கிறது. பசையில் குறையில்லை. சாயங்காலம் அவன் வந்ததும் ஒட்ட வேண்டும்.